தோட்ட வாசலில் நிற்கும் நாடாளுமன்றம்

ஒரு நாடாளுமன்றத்தை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை நாள் கூடியது, எத்தனை மசோதாக்கள் நிறைவேறின என்ற கணக்குகள் ஒருபுறம் இருக்கட்டும். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்திலிருந்து பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: கோலாலம்பூரில் நிறைவேறிய சட்டம் லிங்கியிலும் சிலியாவிலும் பகாவிலும் உள்ள லயத்து வீடுகள்வரை வந்து சேர்ந்ததா? இப்படி அளந்தால், மலேசிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதில் தேறுகிறது, இயற்றிய சட்டத்தைப் பின்தொடர்வதில் தவறுகிறது என்பதே என் முடிவு.

முதலில் நிறைகள். தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரத்தை வரையறுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீடு, குடிநீர், மின்சாரம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கருணையிலிருந்து பிரித்துக் கடமையாக்கியது. தோட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டுப் பிற தொழில்துறைகளுக்கும் விரிந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டதால், 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பால் வெட்டியும் உதிரிப்பழம் பொறுக்கியும் குடும்பத்தைத் தாங்கிய பெண்களின் வரலாற்றை அறிந்தவர்கள் இவற்றைச் சிறிய வெற்றி என்று சொல்லமாட்டார்கள்.

குறைகள் இதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2011இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பை ஓர் ஆலோசனை மன்றத்திடமும் அரசாங்கத்திடமும் ஒப்படைத்தது. தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட்டாக இருந்தது, 2025இல் 1,700 ரிங்கிட் ஆனது; ஒவ்வோர் உயர்வும் அமைச்சின் உத்தரவாகவே வந்தது. தொகையை நிபுணர்கள் ஆய்ந்து சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், டன் கணக்கில் கூலி வாங்கும் செம்பனைத் தொழிலாளியின் கைக்கு அந்த உயர்வு முழுமையாக வந்ததா என்று தோட்டம் தோட்டமாக விசாரித்து அவைக்குச் சொல்லும் நிரந்தர ஏற்பாடு எங்கே?

இதைவிட ஆழமான குறை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஒன்பதாவது அட்டவணைப்படி தொழிலாளர் விவகாரம் கூட்டரசின் பொறுப்பு, நிலம் மாநிலத்தின் அதிகாரம். தோட்டத் தொழிலாளிக்கோ வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை போனால் வீடும் போகும். நீலாயைச் சுற்றித் தோட்டங்கள் நகரமானபோதும், சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் மலேசியா விஷன் வேலி திட்டம் தீட்டப்பட்டபோதும் நிலப் பயன்பாட்டு மாற்றம் மாநிலத்தின் கையில்தான் இருந்தது. வேலை இழந்தவரின் இழப்பீட்டைப் பற்றி மக்களவையில் பேசலாம். அவர் குடியேற ஒரு துண்டு நிலம் கேட்டால் சட்டமன்றத்துக்குப் போகச் சொல்வார்கள். 2022இல் மந்திரி பெசார் அமினுடின் ஹருனே போர்ட்டிக்சன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்வானார். இரண்டு அவைகளும் ஒருவரிடம் சந்தித்தது நல்ல வாய்ப்பு. ஆனால், தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடிய வாய்ப்பை நம்பி ஒரு சமூகத்தின் குடியிருப்பு உரிமையை விட்டுவைக்க முடியாது.

மூன்றாவது குறை, உறுப்பினரின் வாய்க்கட்டு. போர்ட்டிக்சன் தொகுதி தெலுக் கெமாங் என்ற பெயரில் 2008 வரை நீண்டகாலம் ம.இ.கா.வின் கோட்டை. அதன் உறுப்பினரும் துணையமைச்சருமான எஸ். சோதிநாதன், கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கான அங்கீகாரத்தை அரசாங்கம் மீட்டுக்கொண்டதை 2005இல் மக்களவையில் எதிர்த்துப் பேசினார். பதவியிலிருந்து மூன்று மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு தேவைதான். ஆனால், ஆளும் அணியிலிருந்து வரும் தமிழ்ப் பிரதிநிதிக்குப் பதவியும் தந்து மௌனத்தையும் விதித்தால், தொகுதி மக்களின் குரல் யார் வழியாக ஒலிக்கும்?

நெகிரி செம்பிலானின் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தமிழர்கள் சிதறிக்கிடக்கும் சிறுபான்மை. தங்கள் வாக்கால் மட்டும் எந்தத் தொகுதியையும் அவர்களால் வெல்ல முடியாது. ஆகவே தனி உறுப்பினரின் நல்லெண்ணத்தைவிட, யார் வென்றாலும் இயங்கும் அமைப்பே அவர்களுக்குப் பாதுகாப்பு. 2018க்குப் பிறகு வலுப்பெற்ற தெரிவுக்குழுக்களும், நாடாளுமன்றத்துக்குத் தன் ஊழியர்களை நிர்வகிக்கும் உரிமையை மீட்டுத் தரும் 2025ஆம் ஆண்டுச் சேவைச் சட்டமும் இதற்கு அடித்தளமாகலாம்.

செய்யவேண்டியது தெளிவானது. வீட்டு வசதிச் சட்டத்தின் அமலாக்கத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை தெரிவுக்குழு ஆராய வேண்டும். தோட்டவாரியான ஆய்வு முடிவுகளை மனிதவள அமைச்சு அவையில் சமர்ப்பிக்க வேண்டும். குழு சிரம்பானிலும் பகாவிலும் அமர்ந்து, மாநில நில அதிகாரிகளையும் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர்களையும் ஒரே மேசையில் கேட்க வேண்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. அவைக்கு மனம் இருந்தால் போதும். சட்டம் நிறைவேறிய நாளோடு தன் வேலை முடிந்தது என்று எண்ணும் நாடாளுமன்றம் பாதி நாடாளுமன்றம்தான்.