கைக்கு வேலையில்லாத சாப்பாடு

ஒவ்வோர் ஏப்ரல் 13-ஆம் தேதியும் பெர்லின் உயிரியல் பூங்காவிலிருந்து ஒரு படம் வரும். ஃபாட்டு என்ற வயதான பெண் கொரில்லா, பிறந்தநாளுக்கென்று வைத்த பழங்கள், காய்கறிகளின் முன்னால் உட்கார்ந்திருக்கும். அது 1957-இல் பிறந்ததாகக் கணக்கு. 2025-இல் 68 வயது. காட்டுக் கொரில்லா நாற்பதைத் தொடுவதே பெரிது, ஆகவே பூங்காவில் இருப்பதே அதற்கு நல்லது என்று இந்தப் படத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

பூங்காவில் வேட்டைக்காரர் இல்லை, எபோலா இல்லை, நோய் வந்தால் மருத்துவர் உண்டு. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் வேறு, ஆரோக்கியம் வேறு. ஃபாட்டுவைப் பார்த்து வியப்பவர்கள், அந்த வயதில் ஆண் கொரில்லாக்கள் எங்கே என்று கேட்பதில்லை. வட அமெரிக்கப் பூங்காக்களில் இறந்த வயதுவந்த கொரில்லாக்களில் 41 சதவீதம் இதயநோயால் இறந்தன என்று 1994-இல் வெளியான ஆய்வு சொன்னது. வளர்ந்த ஆண்களைத்தான் இந்த நோய் அதிகம் கொல்கிறது. இதயத் தசை நார் பாய்ந்து இறுகிப்போகிறது. அட்லாண்டாவில் 27 ஆண்டுகள் தனிக் கூண்டில் கிடந்த வில்லி பி என்ற ஆண் கொரில்லா, திறந்தவெளியையும் குடும்பத்தையும் கண்ட பிறகு, 2000-இல் இதயநோயால்தான் இறந்தது. அதற்கு வயது 41.

இந்த நோய்க்கு உணவுதான் மருந்து என்று இப்போது பேசப்படுகிறது. அதற்கு அடிப்படை கிளீவ்லாந்து பூங்காவில் நடந்த சோதனை. 2005-இல் அங்கே ப்ரூக்ஸ் என்ற 21 வயது ஆண் கொரில்லா இதயம் நின்று இறந்தது. அதன்பின் பெபாக், மொகோலோ என்ற மற்ற இரண்டு ஆண்களுக்கும் ஊட்டச்சத்து பிஸ்கட்டை நிறுத்தினார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த அந்த வாளிச் சாப்பாட்டுக்குப் பதிலாக லெட்டூஸ், டான்டிலியன் கீரை, எண்டைவ், அல்ஃபால்ஃபா, பீன்ஸ், மரக்கிளைகள் வந்தன. கலோரி முன்னைவிட இரண்டு மடங்கு. ஆனாலும் ஒரே ஆண்டில் இரண்டும் தலைக்கு ஏறக்குறைய 30 கிலோ இளைத்தன. தின்றதைக் கக்கி மறுபடி தின்னும் பழக்கமும் நின்றது. கூண்டில் வளர்ந்த கொரில்லாக்களில் பெரும்பாலானவற்றிடம் காணப்படும் இந்தப் பழக்கத்தைக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

இது பெரிய வெற்றி. நார்ச்சத்தின் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது: தாழ்நிலக் கொரில்லாவுக்குக் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 57 சதவீதம், பெருங்குடலில் நார் நொதித்து உண்டாகும் கொழுப்பு அமிலங்களிலிருந்து வருகிறது என்று 1997-இல் கணக்கிட்டார்கள். பிஸ்கட் போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால் அந்தச் சோதனையில் மாறிய இன்னொன்றை ஏன் யாரும் கொண்டாடவில்லை? முன்பு பகலில் கால் பங்கு நேரம் மட்டுமே தின்றுகொண்டிருந்த அந்த இரண்டும், புதிய உணவு வந்தபின் பாதி நாளுக்கு மேல் தின்றன. எனக்கு இதுதான் செய்தி. எல்லோரும் கீரைப் பட்டியலைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எந்தக் கீரை, எத்தனை கிராம், எவ்வளவு நார் என்று எழுதித் தள்ளுகிறார்கள். அதைத் தின்ன அந்த உயிர் என்ன வேலை செய்தது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பல ஆண்டுகளாக என்னை உறுத்துவது இதுவே.

ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்கள் நெட்டில் என்ற செடியைத் தின்னும். நம் ஊர்க் காஞ்சொறிபோல் தொட்டாலே எரிக்கும் செடி அது. அவை அதைத் தின்னும் விதத்தை ரிச்சர்ட் பர்ன் என்ற ஆய்வாளர் வருடக்கணக்கில் கவனித்து எழுதினார். ஒரு கை தண்டைப் பிடித்துக்கொள்ள, மறுகை கீழிருந்து மேலாக இலைகளை உருவும். காம்புகளைத் திருகி எறிந்துவிட்டு, சுணை உள்ளே போகும்படி இலைக் கட்டை மடித்து வாயில் வைக்கும். ஒவ்வொரு கவளத்துக்கும் இத்தனை வேலை. பூங்காக்களில் இருப்பவை மலைக் கொரில்லாக்கள் அல்ல, மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள் என்று திருத்துவார்கள். சரி. லைப்சிக்கின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கூண்டில் வாழும் தாழ்நிலக் கொரில்லாக்களிடமே நெட்டிலைக் கொடுத்துப் பார்த்து 2008-இல் எழுதினார்கள். அவையும் ஏறக்குறைய அப்படியேதான் உருவி, மடித்துத் தின்றன. அந்தக் கைகளுக்கு வேலை தெரியும். நாம் அவற்றிடம் லெட்டூஸைக் கழுவிக் கொடுக்கிறோம்.

மனிதக் குரங்குகள் இயல்பிலேயே அசையாதவை, உடற்பயிற்சி இல்லாமலே நலமாக இருப்பவை என்று ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். இருக்கலாம். தாழ்நிலக் கொரில்லா நாளுக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான் நடக்கும். அதை ஓடவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நடக்காத அந்த நேரத்திலும் அதன் விரலும் தாடையும் குடலும் உழைக்கின்றன. பட்டை உரிக்கிறது, தண்டைப் பிளந்து உள்சோற்றை எடுக்கிறது, விதையை ஒதுக்குகிறது. காட்டில் உணவும் உழைப்பும் ஒன்றே. பூங்காவில் இரண்டையும் பிரித்து, ஒன்றை ஊட்டச்சத்து நிபுணரிடமும் மற்றதைப் புதிர்ப்பெட்டியிடமும் ஒப்படைத்துவிட்டார்கள். பெட்டிக்குள் ஒளித்துவைத்த நாலு கடலையைக் குச்சியால் தள்ளி எடுப்பது அரை மணி நேர வேலை. மீதி நாள்? மாலையில் ஊழியர் வீட்டுக்குப் போனபின் உள்ளறையில் விடியும்வரை? வேளைக்கு வேளை கொட்டிக் கொடுப்பது ஊழியரின் வேலை நேரத்துக்காக வந்த ஏற்பாடு. கொரில்லாவின் வயிறு அதைக் கேட்கவில்லை. வெட்டாத கிளைகளை நாள் முழுதும் போட முடியாத பூங்கா கொரில்லா வளர்க்கக் கூடாது என்பதே என் முடிவு.

நமக்கு அருகில் கொரில்லா இருப்பது மைசூரில். 2021-இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற இரண்டு ஆண்கள் அங்கே வந்தன. அடுத்த முறை போகிறவர்கள் முகத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் அவற்றின் கைகளைப் பாருங்கள். பிறகு அங்கிருக்கும் ஊழியரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நேற்று இவை சாப்பிட எத்தனை மணி நேரம் ஆனது?