எழுத்தறிவு எங்கே தொடங்குகிறது? குடியேறிய வளர்ந்தோர்க்கான ஆங்கிலக் கல்வி: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கனடாவில் குடியேறிய வளர்ந்தோர்க்கு ஆங்கிலமும் எழுத்தறிவும் கற்பிக்கும் முறைகளை இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. கற்போர் தம் தாய்மொழியில் பெற்றுள்ள எழுத்தறிவை வினவாமல் தொடங்கும் வகுப்பு, அவர்களுள் ஒரு சாராரைத் தாழ்த்தி மதிப்பிடுகிறது. மற்றொரு சாராரைக் கைவிடுகிறது என்பது இதன் கருதுகோள். ஈழத்தமிழ்க் கற்போரின் பெயரிடும் மரபு, எழுத்துமுறை, இரட்டை வழக்கு ஆகியவை இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வளர்ந்தோர் கல்வி, எழுத்தறிவு, குடியேற்றம், இரண்டாம் மொழி, இரட்டை வழக்கு, ஈழத்தமிழர், கனடா.

முன்னுரை

1983 ஆம் ஆண்டின் வன்முறைகளுக்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழருள் பெருந்தொகையினர் கனடாவை அடைந்தனர். டொராண்டோ நகரும் அதன் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவும் அவர்களின் முதன்மை வாழிடங்களாயின. இக்குடியேற்றத்தின் வழி உருவான இலக்கியமும், அடுத்த தலைமுறைக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சிகளும் தமிழாய்வுலகிற்கு நன்கு அறிமுகமானவை. குடியேறிய தலைமுறையினர் ஆங்கிலம் கற்க அமர்ந்த வகுப்பறையும் அதேயளவு கவனத்திற்குரியது. வேலை, மருத்துவம், வாடகை, குடியுரிமை என அவர்களின் அன்றாட வாழ்வு அவ்வகுப்பறையில் கற்றதைப் பலவாறு சார்ந்திருந்தது.

இரு கற்போரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் தமிழ்வழியில் பயின்று, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கேடுகளை முப்பது ஆண்டுகள் எழுதியவர். நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர். மற்றவர் போரின் இடப்பெயர்வுகளால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்தவர். தம் பெயரைத் தமிழில் எழுதவும் தயங்குபவர். ஆங்கிலத் திறனை மட்டும் அளந்தால் இருவரும் ஒரே படியில் நிற்பர். ஆனால் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை இன்றைய கற்பித்தல் கோட்பாடுகளும் திட்டங்களும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. அளவுகோலும் அதன் முரணும்

லிங்க் எனச் சுருக்கமாக வழங்கும் புதுவருகையாளர் மொழிப் பயிற்சித் திட்டத்தைக் கனடிய நடுவணரசு 1992 இல் தொடங்கியது. 1996 இல் கனடிய மொழி அளவுகோல்களின் முதல் வடிவம் வெளிவந்தது. 2012 இல் அது திருத்தப்பட்டது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கு திறன்களையும் அது பன்னிரண்டு படிகளாகப் பகுக்கிறது. இலக்கண விதிகளை ஒப்பிப்பதை விடுத்து, மருத்துவரிடம் நோயைச் சொல்லுதல், அறிவிப்பைப் படித்தறிதல் முதலிய செயல்களைக் கொண்டு திறனை அளப்பது இதன் சிறப்பு. எழுத்தறிவுத் தேவையுள்ள வளர்ந்தோர்க்கெனத் தனி ஆவணமும் வகுக்கப்பட்டுள்ளது. எனவே சிக்கல் அறியப்படவே இல்லை எனக் கூறுதல் பொருந்தாது.

ஆயினும் கொள்கையின் உறுப்புகள் ஒன்றோடொன்று இசையவில்லை. குடியுரிமை வேண்டுவோருள் 18 முதல் 54 வயது வரையுள்ளோர் நான்காம் படித் திறனைக் காட்டுதல் வேண்டும். அத்தகுதி கேட்டலுக்கும் பேசுதலுக்கும் மட்டுமே உரியது. அதே வயதினர் எழுத வேண்டிய குடிமை அறிவுத் தேர்வோ வழக்கமாகப் படித்து விடையளிக்கும் தேர்வாகும். இருபது வினாக்களுள் பதினைந்துக்குச் சரியான விடை தேவை. மொழித்தகுதி கேளாத படிப்புத்திறனை அறிவுத்தேர்வு சொல்லாமலே கேட்கிறது. மேலும், குடியுரிமை பெற்றவர் லிங்க் வகுப்பில் சேரும் தகுதியை இழக்கிறார். ஒன்ராறியோ மாகாணத்தின் வகுப்புகள் குடிமக்களுக்கும் இடமளிப்பது உண்மையே. எனினும் நடுவணரசுத் திட்டத்தின் பார்வையில் எழுத்தறிவு என்பது குடியுரிமையோடு முடிந்துவிடும் ஒன்றாகத் தோன்றுகிறது. எழுத்தைப் புதிதாகக் கற்கும் ஒருவர்க்கு வேண்டிய காலம் அவ்வெல்லைக்குள் அடங்குவதன்று.

2. பிழைப்பு ஆங்கிலமும் படிவமும்

வளர்ந்தோர்க்கான ஆங்கிலப் பாடநூல்கள் நெடுங்காலம் 'பிழைப்பு ஆங்கிலம்' என்னும் கருத்தைச் சார்ந்திருந்தன. எல்சா அவெர்பாக்கும் டெனிஸ் பர்ஜஸும் 1985 இல் வெளியிட்ட கட்டுரை, இப்பாடநூல்களில் மறைந்துள்ள பாடத்திட்டத்தை வெளிக்கொணர்ந்தது. அந்நூல்களில் தொழிலாளர் ஒப்புதல் கேட்கிறார், மன்னிப்புக் கோருகிறார், விளக்கம் வேண்டுகிறார்; முறையிடுவதும் மறுப்பதும் அரிது. மொழியோடு சேர்த்துச் சமூகத்தில் ஒருவர்க்குரிய தாழ்ந்த இடமும் கற்பிக்கப்படுகிறது என்பது அவர்களின் வாதம்.

இவ்வாதத்தின் வலிமையை ஒரு படிவத்தைக் கொண்டு அறியலாம். படிவம் நிரப்புதல் தொடக்கநிலை எழுத்தறிவுப் பாடங்களுள் முதன்மையானது. இட்ட பெயர், குடும்பப் பெயர் என அதில் இரு கட்டங்கள் உள்ளன. ஈழத்தமிழர் பலரிடத்தில் குடும்பப் பெயர் என்னும் வழக்கமில்லை; தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். ஆகவே இரண்டாம் கட்டத்தில் தந்தையின் பெயர் அமர்கிறது. அன்றுமுதல் அலுவலர் ஒரு பெண்ணை அவர் தந்தையின் பெயராலேயே அழைப்பர். குழந்தைக்கோ அதன் தந்தையின் இட்ட பெயர் குடும்பப் பெயராகிறது. தாய்க்கும் சேய்க்கும் குடும்பப் பெயர் ஏன் வேறுபடுகிறது என்று பள்ளியிலும் மருத்துவமனையிலும் தாய் விளக்க வேண்டியிருக்கும். கட்டத்தைப் பிழையின்றி நிரப்பக் கற்பிப்பதோடு நின்றுவிடும் பாடம், அவ்விளக்கத்திற்கான மொழியை அவருக்குத் தருவதில்லை. எழுத்தறிவு எங்கும் ஒரே தன்மையுடைய தனித்திறன் அன்று. அது சமூக உறவுகளில் தோய்ந்தது என 1984 இல் பிரையன் ஸ்ட்ரீட் நிறுவிய கருத்துக்கு இப்படிவம் எளிய சான்று.

பானி நார்ட்டன் ஒன்ராறியோவில் குடியேறிய பெண்கள் ஐவரை ஆராய்ந்து 1995 இல் வெளியிட்ட கட்டுரையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அவர்களுள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த தாய் ஒருவர், ஆண்டு முழுமைக்கும் வாடகை கேட்ட வீட்டு உரிமையாளரோடு தொலைபேசியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் வாதிட்டார். காலங்காட்டும் விதிகளைப் பற்றி அவர் அப்போது எண்ணவில்லை. குடும்பத்தைக் காக்கும் தாய் என்னும் நிலையே அவருக்குப் பேசும் உரிமையைத் தந்தது. கற்பவரின் ஊக்கத்தை மட்டும் பேசும் கோட்பாடுகள் இதனை விளக்கப் போதா என்கிறார் நார்ட்டன்.

3. பிரெய்ரேயின் எல்லை

பிழைப்பு ஆங்கிலத்திற்கு மாற்றாகப் பலரும் முன்வைப்பது பாவ்லோ பிரெய்ரேயின் கல்விமுறை. கற்போரின் வாழ்விலிருந்து சொற்களைத் தேர்ந்து, அவற்றைக் குறித்து உரையாடி, அவ்வுரையாடலின் வழி எழுத்தைக் கற்பிப்பது அவர் முறை. அதன் அறம் ஏற்கத்தக்கது. அதனை ஆங்கில வகுப்பிற்கு அப்படியே பெயர்த்தல் எளிதன்று. காரணங்கள் இரண்டு.

முதலாவது, பிரேசிலில் அவரிடம் கற்றோர் போர்த்துக்கீசியம் பேசத் தெரிந்தவர்கள். தாம் பேசும் மொழிக்கு எழுத்தைக் கற்றனர். ஸ்கார்பரோவில் கற்பவர் அறியாத மொழியையும் அறியாத எழுத்தையும் ஒருங்கே எதிர்கொள்கிறார். தம் வாழ்வைப் பற்றி உரையாட வேண்டிய மொழி இன்னும் அவர் வசப்படவில்லை.

இரண்டாவது, எழுத்துமுறை. செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலு' என்னும் சொல்லை அசைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் உயிரொலியை மாற்றி அசைக்குடும்பங்களை அமைப்பது பிரெய்ரே காட்டிய வழி. தமிழ் நெடுங்கணக்கின் உயிர்மெய் வரிசையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. போர்த்துக்கீசியத்தின் சீரான ஒலியெழுத்து உறவு இதற்கு இடந்தருகிறது. ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் இடந்தருவதில்லை. எனவே பிரெய்ரேயை உண்மையாகப் பின்பற்றும் ஆசிரியர், உரையாடலைத் தாய்மொழியில் தொடங்குவதற்கு இடமளித்தாக வேண்டும்.

4. தமிழறிந்தவர் கொண்டுவருவது

மிரியம் பர்ட்டும் ஜாய் பேட்டனும் 2003 இல், வளர்ந்த கற்போரை அவர்களின் முதன்மொழி எழுத்தறிவை அடிப்படையாகக் கொண்டு ஆறு வகையாகப் பகுத்தனர். எழுத்து வழக்கமே இல்லாத மொழியினர், எழுத்துள்ள மொழியில் அதனைக் கல்லாதவர், அரைகுறையாகக் கற்றவர், அகரவரிசை சாராத எழுத்தறிந்தவர், உரோமன் அல்லாத அகரவரிசை அறிந்தவர், உரோமன் அகரவரிசை அறிந்தவர் என்பன அவ்வகைகள். நாம் கண்ட இருவரையும் இப்பகுப்பு வேறுபடுத்திக் காட்டுகிறது, அது பெரும்பயன். ஆனால் உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாகும் தமிழ்முறை இவற்றுள் எவ்வகையிலும் முற்றப் பொருந்துவதில்லை.

இதன் விளைவு வகுப்பறையில் வெளிப்படும். 'பாம்பு' என்னும் சொல்லில் பகரவரிசை இருமுறை வருகிறது. முதலில் வருவது ஒலிப்பிலா ஒலி. மெல்லெழுத்தை அடுத்து வருவது ஒலிப்புடை ஒலி. இடமே ஒலியை உறுதிசெய்வதால் தமிழ் எழுத்துக்கு இரு வடிவங்கள் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அவ்வேறுபாடு பொருளை மாற்றும். மூட்டை கட்டுதல், முதுகு, பை ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழில் எழுதினால் 'பேக்' என்றே அமையும். எதிர்த்திசையிலும் இடர் உண்டு. 'இல்லை', 'அறி' என்னும் பொருள்தரும் இரு சொற்களும் 'நோ' என ஒன்றுபோல் ஒலித்தாலும் எழுத்துக்கூட்டலில் வேறுபடும். ஒலித்தபடி எழுதிப் பழகிய தமிழர் இங்கே தடுமாறுவார். இத்தவறுகளைக் காணும் ஆசிரியர் அவரை எழுத்தறியாதவர் என எண்ணக்கூடும். உண்மையில், முழுமையாகக் கைவந்த ஓர் எழுத்துமுறையின் விதிகளையே அவர் புதிய மொழிக்கு நீட்டுகிறார்.

தமிழறிந்தவரிடம் மற்றொரு செல்வமும் உண்டு. சார்லஸ் பெர்குசன் 1959 இல் விளக்கிய இரட்டை வழக்கை அவர் இளமையிலேயே வாழ்ந்து பழகியவர். 'வாறன்' எனப் பேசி 'வருகிறேன்' என எழுதியவர். பேச்சில் 'கொன்னா' எனக் கேட்பது எழுத்தில் 'கோயிங் டு' என வரும் என்பதை அவருக்கு விளக்குதல் கடினமன்று. பேச்சும் எழுத்தும் வேறுபடும் என்னும் அடிப்படை அறிவு அவரிடம் முன்பே உள்ளது. ஒரு மொழியில் பெற்ற இத்தகைய கருத்துநிலைத் திறன் மற்றொரு மொழிக்கும் துணையாகும் என்பது ஜிம் கம்மின்ஸ் முன்வைத்த மொழிச்சார்புக் கருதுகோளின் சாரம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை இழந்தவரிடம் இத்துணை இல்லை. வாய்மொழிப் பயிற்சியால் அவர் எளிதில் முன்னேறுவார் என்னும் பொது நம்பிக்கையும் ஐயத்திற்குரியது. எலைன் டாரோன், மார்த்தா பிகெலோ, கிட் ஹேன்சன் ஆகியோர் மின்னசோட்டாவில் சோமாலியக் கற்போரிடம் நிகழ்த்தி 2009 இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவின் அளவு வாய்மொழிக் கற்றலையும் பாதிப்பதைக் காட்டுகிறது. ஆசிரியர் திருத்திச் சொல்லும் வாக்கியத்தை நினைவிற்கொள்வதில் எழுத்தறிவு மிக்கோர் மேம்பட்டிருந்தனர். 'கேட்டுத் திருத்திக்கொள்வார்' என விடப்படும் கற்பவரே மிகுந்த துணை வேண்டுபவர்.

5. மறுப்புகள்

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். பத்து மொழியினர் ஒருங்கே அமரும் வகுப்பில் ஆசிரியர் தமிழை எவ்வாறு அறிவார் என்பது ஒன்று. வீட்டிலும் கடையிலும் தமிழே பேசுவோர் வகுப்பிலாவது ஆங்கிலம் மட்டுமே கேட்க விரும்புகின்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் புறந்தள்ளத்தக்கன அல்ல.

முதல் மறுப்பிற்கு விடை: ஆசிரியர் தமிழ் பேச வேண்டுவதில்லை, கற்பவர் தமிழில் படிப்பாரா என்பதை அறிந்தாற் போதும். சேர்க்கையின்போது சிறு தமிழ்ப்பத்தி ஒன்றைப் படிக்கவும் நான்கு வரி எழுதவும் செய்தால் அது புலப்படும். தமிழறிந்த பணியாளர் ஒருவர் உடனிருந்தால் போதுமானது. இரண்டாவதற்கு விடை, தாய்மொழியை வகுப்பின் மொழியாக்குதல் வேறு, கருவியாக்குதல் வேறு என்பதாகும். ஆங்கிலம் மட்டும் என்னும் விதி கற்பித்தற் கொள்கையாக மட்டுமின்றி அதிகாரத்தின் வெளிப்பாடாகவும் இயங்குகிறது என அவெர்பாக் 1993 இல் சுட்டினார். பாடத்தின் தொடக்கத்தில் பத்து மணித்துளிகள் ஒரே மொழியினர் தம்முள் கலந்துரையாட விடுவதால், எஞ்சிய நேரத்தின் ஆங்கிலம் குறைந்துவிடாது. பேசுவதற்கான பொருள் மிகும்.

முடிவுரை

கனடிய அளவுகோல்கள் செயலை மையமாகக் கொண்டது முன்னேற்றமே. எனினும் கற்பவர் எங்கிருந்து புறப்படுகிறார் என்னும் வினாவிற்கு ஆங்கிலத் திறன் மட்டும் விடையாகாது. சேர்க்கையில் தாய்மொழி எழுத்தறிவை அறிதல், தமிழ் எழுத்தறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் வெவ்வேறு தொடக்கங்களை அமைத்தல், குடியுரிமைக்குப் பின்னும் எழுத்தறிவு வகுப்பைத் தொடர இடமளித்தல் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள்.

தமிழாய்வாளர்க்கும் இதில் கடமை உண்டு. தமிழ் எழுத்துமுறை, பெயரிடும் மரபு, இரட்டை வழக்கு ஆகியவற்றைத் தமிழறியாத ஆங்கில ஆசிரியர்க்கு விளங்கும் வகையில் சுருக்கமாக எழுதித் தருதல் நம்மால் இயலும். அத்தகைய குறிப்பேடு ஆசிரியரின் கையில் இருப்பின், 'பேக்' என்னும் சொல்லைத் தவறாக எழுத்துக்கூட்டிய கணக்கரை அவர் எழுத்தறியாதவராகக் கருதமாட்டார். எழுதுகோல் பிடிக்கத் தயங்கும் மற்றவரை அக்கணக்கரோடு ஒரே மேசையில் அமர்த்தி ஒரே தாளைக் கொடுக்கவும் மாட்டார்.