ஹாண்ட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அப்பாச்சி

என் வயசுக்காரர்களில் பலர் அப்பாச்சி இந்தியன் குரலைக் கேட்டிருப்பார்கள், பெயர் தெரியாமலேயே. 1996ல் வந்த ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘நோ ப்ராப்ளம்’ என்று ஒரு பாட்டு. அதில் பிரபுதேவாவோடு திரையிலும் வருவார். தமிழ் சினிமாவுக்கு அவர் ஒரு வெளிநாட்டு விருந்தாளி, அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் அதற்கு முன் செய்தது சின்ன காரியம் இல்லை.

இயற்பெயர் ஸ்டீவன் கபூர். 1967ல் பிறந்தார். பஞ்சாபி குடும்பம், ஊர் பர்மிங்காமின் ஹாண்ட்ஸ்வொர்த். ஜமைக்காக்காரர்களும் பஞ்சாபிகளும் ஒரே தெருவில் குடியிருந்த இடம். வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டே சவுண்ட் சிஸ்டம்களில் பாடினார். ஒரு பையன் பக்கத்து வீட்டு மொழியைத் தன் மொழி மாதிரியே பேசுவது நமக்கு அதிசயமே இல்லை. இங்கே புக்கிட் தெங்காவில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும் எந்தப் பையனும் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றையும் போட்டுப் பேசுவான். நாம் அதைப் பேச்சோடு விட்டுவிட்டோம். கபூர் அதைப் பாட்டாக்கினார்.

1990ல் ‘மூவி ஓவர் இந்தியா’. பிரிட்டனின் ரெகே பட்டியலிலும் ஆசிய இசைப் பட்டியலிலும் அது முதலிடம் பிடித்தது. இரண்டு கூட்டமும் தனித்தனியாக ‘இவன் நம்ம ஆளு’ என்று சொன்ன பாட்டு. அவர் பெயரையே பாருங்கள். ‘வைல்ட் அப்பாச்சி’ என்பது ஜமைக்காவின் சூப்பர் கேட்டுக்கு இருந்த பட்டப்பெயர். அந்த சூப்பர் கேட் இந்திய வம்சாவளி கலந்தவர். 1845லிருந்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகள் கப்பல் ஏறினார்கள். கித்தா தோட்டத்துப் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தக் கப்பலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆக, பர்மிங்காம் பஞ்சாபி ஒருவர் கடன் வாங்கிய ஜமைக்கப் பெயருக்குள்ளேயே ஏற்கனவே ஒரு இந்தியன் உட்கார்ந்திருந்தான்.

ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. 1993ல் ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ ஆல்பம், மெர்குரி பரிசுக்கான பட்டியலிலும் இடம்பிடித்தது. அதில் எனக்கு முக்கியமான பாட்டு ‘டிரிங்க் ப்ராப்ளம்ஸ்’. கல்யாண வீட்டில் குடியைப் பெருமையாகப் பார்க்கிற ஒரு சமூகத்திடம் அதே சமூகத்துப் பையன் குடிப் பிரச்சினையைப் பற்றிப் பாடுவது லேசுப்பட்ட விஷயமா? எய்ட்ஸ் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. ‘அரேஞ்ச்ட் மேரேஜ்’ பெரிய ஹிட்தான், ஆனால் எனக்கு அதில் சந்தேகம் இருக்கு. மாப்பிள்ளை தனக்கு எப்படிப்பட்ட பொண்ணு வேணும்னு அடுக்கிக்கொண்டே போகிறார். கிண்டலா சீரியஸா என்று கடைசிவரை பிடிபடவில்லை. பொண்ணுக்கு என்ன வேணும்னு பாட்டு கேட்கவே இல்லை.

அதே வருஷம் ‘பூம் ஷாக்-அ-லாக்’. பிரிட்டிஷ் பட்டியலில் ஐந்தாம் இடம். அடுத்த வருஷம் ‘டம்ப் அண்ட் டம்பர்’ படத்தில் வந்து உலகமெல்லாம் போனது. கேட்டால் கால் ஆடும், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாபியை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஹாண்ட்ஸ்வொர்த் எங்கே? டிரிங்க் ப்ராப்ளம்ஸ் பாடினவர் எங்கே? அவர் அதிக தூரம் போனது மிகக் குறைந்த சுமையோடுதான். இதை அவருடைய துரோகம் என்று சொல்ல மாட்டேன். கடை வைத்திருப்பவன் எது விற்குதோ அதைத்தான் முன்னால் அடுக்குவான். ஆனால் அவரை ஒரு பாட்டுக்காரராக மட்டும் ஞாபகம் வைத்திருக்கும் பட்டியல்கள் எடுத்து வைப்பது அந்தப் பாட்டைத்தான், அதுதான் உறுத்துது.

நம்ம பக்கம் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ 2006ல் வந்தது. ‘மடை திறந்து’ தமிழ்நாடுவரை போனது. இளையராஜாவின் மெட்டு இருந்தது, ராப் இருந்தது, ஆங்கிலம் கலந்த நம்ம தமிழும் அப்படியே இருந்தது. எதையும் இறக்கி வைக்காமல் கடல் தாண்டிய பாட்டு. ஆனால் அது தமிழர்களிடமிருந்து தமிழர்களிடமே போனது. பக்கத்து மேசையில் வேலை செய்யும் மலாய் நண்பரிடம் நம்ம பாட்டு ஒன்று அப்படிப் போய்ச் சேர்ந்ததா? அவருக்கு ‘பூம் ஷாக்-அ-லாக்’ தெரியும். ‘மடை திறந்து’ தெரியாது.