வேகமும் உழைப்பும்: பேர்ட் மன்றோ பற்றிய திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

மனித உழைப்பை ஒரு கலைப்படைப்பு எவ்வாறு நோக்குகிறது என்பது திறனாய்வில் எழுப்பப்பட வேண்டிய அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். எமது இலக்கிய மரபில் உழவுக்கும் கடற்றொழிலுக்கும் போதிய இடமுண்டு. மருத நிலத்து உழவனையும் நெய்தல் நிலத்துப் பரதவனையும் பாடிய மரபு இன்றைய சிறுகதையிலும் நாவலிலும் வேறு வடிவிற் தொடர்கிறது. ஆயின், ஓர் இயந்திரத்தைப் பிரித்து, அதன் நோயறிந்து, மீளப் பூட்டும் உழைப்பு இலக்கியப் பொருளானமை அரிது. தமிழ்த் திரைப்படமும் இதற்கு விலக்கன்று. வெற்றிமாறனின் முதற் படமான ‘பொல்லாதவன்’ 2007 ஆம் ஆண்டு வெளிவந்தது. மோட்டார் சைக்கிளொன்றைக் கதையின் மையத்தில் வைத்த குறிப்பிடத்தக்க படம் அது. அங்கு வாகனம் வாங்கப்படுகிறது. அதனோடு நாயகனுக்குத் தொழிலும் காதலும் மதிப்பும் வந்து சேருகின்றன. பின்னர் அது திருடப்படுகிறது. வாங்கப்படும் பொருளாகவும் இழக்கப்படும் பொருளாகவும் மோட்டார் சைக்கிளை அப்படம் கூர்மையாகக் காட்டுகிறது. மனிதனொருவன் தன் கையால் ஆக்கும் பொருளாக அது அங்கு இல்லை.

இந்தக் குறையை மனதிற் கொண்டு நோக்கும்போது, 2005 இல் வெளிவந்த ‘த வேர்ல்ட்ஸ் ஃபாஸ்ரஸ்ற் இந்தியன்’ என்னும் நியூசிலாந்துத் திரைப்படம் எமது கவனத்துக்கு உரியதாகிறது. தலைப்பிலுள்ள ‘இந்தியன்’ பாரத நாட்டவரைக் குறிப்பதன்று. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்திற் தயாரிக்கப்பட்ட மோட்டார் சைக்கிளின் பெயர் அது. றொஜர் டொனால்ட்சன் எழுதி இயக்கிய இப்படத்திற் பேர்ட் மன்றோ என்னும் முதியவராக அன்ரனி ஹொப்கின்ஸ் நடித்துள்ளார்.

மன்றோ கற்பனைப் பாத்திரமல்லர். 1899 இற் பிறந்த அவர், நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்காகில் நகரில் வாழ்ந்தவர். 1920 இல் அவர் வாங்கிய ‘இந்தியன் ஸ்கவுற்’, 600 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. மணிக்கு ஏறத்தாழ 55 மைல், அதாவது 88 கிலோமீற்றர், ஓடக்கூடியது. அதே வாகனத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் தம்மோடு வைத்திருந்தார். அதன் கொள்ளளவைப் படிப்படியாக 950 கன சென்ரிமீற்றர் வரை உயர்த்தினார். 1967 இல், தமது அறுபத்தெட்டாவது வயதில், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள பொனவில் உப்புவெளியில் அதனை ஓட்டி, 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட பிரிவொன்றிற் சாதனை படைத்தார். அன்று பதியப்பட்ட வேகம் மணிக்கு 183.586 மைல். கணக்கீட்டில் நேர்ந்த பிழையை அவரது மகன் கண்டறிந்ததன் பேரில், 2014 இல் அது 184.087 மைலாகத் திருத்தப்பட்டது. இது மணிக்கு 296 கிலோமீற்றர். மன்றோ 1978 இற் காலமானார்.

அவர் எந்தத் தொழிற்சாலையின் பந்தய அணியிலும் இருந்தவரல்லர். தமது கொட்டிலில் இருந்த எளிய கருவிகளைக் கொண்டே வேலை செய்தார். பாடநூல்கள் முசலம் என்றும் கராஜ்கள் பிஸ்ரன் என்றும் கூறும் உறுப்பைத் தாமே உலோகம் உருக்கி வார்த்தார். பழைய வாயுக் குழாயிலிருந்து உருளைகளைச் செய்தார். உழவு இயந்திரமொன்றின் அச்சை அரத்தால் அராவி, பிஸ்ரனைச் சுழல்தண்டோடு இணைக்கும் தண்டுகளை ஆக்கினார். உடைந்தவற்றையும் உருகியவற்றையும் வீசாது ஒரு தட்டில் அடுக்கி, ‘வேகத்தின் தெய்வத்துக்கான காணிக்கைகள்’ என அதில் எழுதி வைத்தார். 1970களின் தொடக்கத்தில் மன்றோ உயிரோடிருந்தபோதே அவர் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்த டொனால்ட்சன், இத்தொடரையே அதற்குத் தலைப்பாக்கினார்.

திரைப்படத்தின் முதற் பகுதி இவ்வுழைப்பை மதித்துக் காட்டுகிறது. முதியவரும் அயல்வீட்டுச் சிறுவனும் இரவிற் கொட்டிலினுள் பிஸ்ரன் வார்க்கும் காட்சியும், சமையற்கத்தியால் ரயரின் வரிகளைச் சீவி எடுக்கும் காட்சியும் சிறப்பானவை. விடியலில் எழும் இயந்திர ஓசையால் அயலார் படும் எரிச்சல், புற்பூண்டு மண்டிய முற்றம், காணிக்கைத் தட்டு ஆகியன உபதேசம் எதுவுமின்றி ஒரு வாழ்க்கை முறையை எம்முன் நிறுத்துகின்றன. ஹொப்கின்ஸின் நடிப்பிலும் மிகையில்லை. கருவியைப் பற்றும் கையில் அவசரமில்லாத பழக்கம் தெரிகிறது.

ஆனால், இப்படத்தின் அடிப்படைக் குறைபாடு அதன் கால அமைப்பில் உள்ளது. மன்றோ 1962, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் மூன்று சாதனைகளை நிலைநாட்டியவர். அவற்றுக்கிடையே எத்தனையோ தோல்விகளும் திருத்தங்களும் இருந்தன. திரைப்படமோ பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிவிடுகிறது. முதியவர் ஒருமுறை போகிறார், மணிக்கு 200 மைலையும் தாண்டுகிறார், வெல்கிறார். அவரது உத்தியோகபூர்வச் சாதனை எதுவும் அந்த எல்லையை எட்டவில்லை என்பது ஒருபுறமிருக்க, இச்சுருக்கத்தாற் பிறக்கும் கருத்து ஆராயப்பட வேண்டியது. ஓட்டத்தின் பின் மீண்டும் இயந்திரத்தைப் பிரித்து, எது எரிந்தது, ஏன் எரிந்தது எனப் பார்த்து, அடுத்த ஆண்டுக்காக மாற்றியமைப்பதே போட்டியாளனின் உண்மையான வாழ்க்கை. வருடமெல்லாம் வேலை, ஓட்டம் சில நிமிடம். படத்தின் நடுப்பகுதியோ வழியிற் சந்திக்கும் நல்ல மனிதர்களின் அணிவகுப்பாக மாறுகிறது. கடன்பட்டுக் கப்பலேறிய முதியவரின் கள்ளமற்ற பேச்சுக்கு எல்லாக் கதவுகளும் திறக்கின்றன. இதனால் வெற்றிக்குக் காரணம் அவரது அறிவா, அவரது குணமா என்ற மயக்கம் ஏற்படுகிறது. நாற்பதாண்டு உழைப்பின் இடத்தை ஒரு மனிதரின் கவர்ச்சி பிடித்துக்கொள்கிறது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துப் பார்வையாளனுக்கு வேறொரு நினைவு எழுவது இயல்பு. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் தொடங்கியதன் பின்னர், வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல் கிடைக்கவில்லை, பற்றரி கிடைக்கவில்லை, உதிரிப்பாகங்கள் கிடைக்கவில்லை, மின்சாரமும் இல்லை. அக்காலத்தில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களும், ஹொண்டா எம்.டி. 90 போன்ற மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. எமது தலைமுறை அதனை நேரிற் கண்டதில்லை. வீடுகளிற் கூறப்படும் கதைகள் வாயிலாகவே அறியும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாவதில்லை. எனவே, சிறு போத்தலிற் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டியிருந்தது. பிளக்கிற் கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். வெண்புகை வீதியை நிறைக்கும்.

இயந்திரவியல் நோக்கில் இவ்விரு நிலைமைகளும் நேரெதிரானவை. வேகத்தை நாடுபவன் உருளையினுள் எரிகலவையை மேன்மேலும் நெருக்குகிறான். நெருக்கம் கூடினால் வலு கூடும். அதனைத் தாங்கும் எரிபொருளும் உலோகமும் வேண்டும். மண்ணெண்ணெயோ அதிக நெருக்கத்தைத் தாங்காது. இயந்திரம் தட்டும், பிஸ்ரன் சேதமுறும். எனவே, மன்றோ நெருக்கத்தை உயர்த்துவதற்காக இயந்திரத்தைத் திறந்தார். தரக்குறைவான எரிபொருளிலும் அது நின்றுவிடாதிருப்பதற்காக எமது கராஜ்காரர் திறந்தனர். இருசாராரின் அறிவும் ஒரே வகையானது. செவியால் ஓசையின் மாற்றத்தை அறிதலும், விரலால் உலோகத்தின் தேய்வை உணர்தலும், இல்லாததற்கு ஈடாக உள்ளதை மாற்றியமைத்தலும் இருவருக்கும் பொது.

அவ்வாறாயின் வேறுபாடு எங்குள்ளது? காணிக்கைத் தட்டில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு. மன்றோவின் தட்டில் இருப்பவை தோல்விகள். ஒவ்வோர் உடைந்த பிஸ்ரனும் ஒரு கேள்விக்குக் கிடைத்த விடை. அது உடைந்தமையால் எவரும் பட்டினி கிடக்கவில்லை. எந்த நோயாளியும் வைத்தியசாலைக்குப் போக முடியாது தவிக்கவில்லை. தொழிலுக்காகவன்றி விருப்புக்காக ஈடுபடும் ஆர்வலனுக்கு உரிய பெருஞ்செல்வம் தோற்பதற்கான சுதந்திரமே. தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் உடைந்த பிஸ்ரன் காணிக்கையாக வைக்கப்படவில்லை. மீண்டும் எதற்காவது உதவும் என எடுத்து வைக்கப்பட்டது. அங்கு பரிசோதனைக்கு இடமிருந்தது. பிழைப்பதற்கு வேறு வழி இல்லாமையாலேயே இருந்தது. நெருக்கடி எமது மக்களின் ஆக்கத்திறனை வளர்த்தது எனப் பெருமையுடன் எழுதுவோர் உளர். அப்பெருமை முற்றிலும் பொய்யன்று. ஆனால், அத்திறன் எதனை ஆக்கியிருக்கக்கூடும் என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. வாகனத்தை ஓடச்செய்வதிலேயே செலவான அறிவு, அதனை விரைந்தோடச் செய்வதற்கு ஒருநாளும் திரும்ப முடியவில்லை. ஒரு தலைமுறையின் இழப்புகளைக் கணக்கிடும்போது இதனையும் ஓர் இழப்பாகக் கொள்ள வேண்டும். உயிரிழப்போடு ஒப்பிட இது சிறிது; ஆயினும் இழப்பே.

வேகத்தை விளையாட்டாகப் பேணும் மனப்பாங்கு எமக்கு அந்நியமானது எனக் கூறுவதற்கில்லை. குடாநாட்டின் மாட்டுவண்டிச் சவாரி இதற்குச் சான்று. சவாரிக் காளையை வளர்ப்பவன் அதனை உழவுக்காகப் பேணுவதில்லை. நாள்தோறும் தீனியையும் பயிற்சியையும் கவனித்து, திடலிற் சில கணங்கள் நிகழும் ஓட்டத்துக்காக ஆண்டு முழுவதும் உழைக்கிறான். வருவாயை விடச் செலவே அதிகம்; ஆயினும் விடுவதில்லை. ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம் தமது கேலிச்சித்திர நாயகனுக்குச் ‘சவாரித்தம்பர்’ எனப் பெயரிட்டபோது, வாசகருக்கு அப்பெயரை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்வர்காகில் கொட்டிலிலிருந்த மனிதரும் சவாரித் திடலில் நிற்கும் மனிதரும் ஒரே குலத்தவர். ஒருவர் இரும்பை வளர்த்தார். மற்றவர் காளையை வளர்க்கிறார்.

ஆனால், மோட்டார்ப் பந்தயத்துக்குக் கருவியும் ஆர்வமும் மட்டும் போதா. தடையற்ற நேர்நிலமும் வேண்டும். இங்கும் வரலாறு குறுக்கிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதைகள் பல, போரின் பின் பந்தயத் திடல்களாயின. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் ஓடுபாதையில் மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையிற் தனித் தடமொன்று திறக்கப்பட்டது. தென்னிலங்கையில் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையும் பந்தயங்களைக் கண்டது. அதே உலகப் போர் யாழ்ப்பாணத்துக்குத் தந்த ஓடுபாதை பலாலி. அதுவோ அடுத்த போரின் தளமாயிற்று. அதனைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் பெயர்க்கப்பட்டனர். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. மூன்று ஓடுபாதைகளும் ஒரே போரிற் பிறந்தவை. அவற்றின் பிற்கால வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், விளையாட்டு எவ்வளவு தூரம் அரசியல் அமைதியின் விளைவு என்பது விளங்கும்.

இவ்வுண்மையைத் திரைப்படம் உணர்ந்ததாகத் தெரியவில்லை. தன் நாயகனின் எளிமையை அது வியக்கிறது. அந்த எளிமைக்கு அடித்தளமாயிருந்த வாழ்நிலையைக் கண்டுகொள்ளவில்லை. மன்றோவிடம் பணம் இல்லாதிருக்கலாம். ஆனால் அவருக்குச் சொந்தக் கொட்டில் இருந்தது. ஓட்டிப்பார்க்க ஒறெற்றி என்னும் நீண்ட கடற்கரை இருந்தது. எவரும் வந்து கலைக்காத நாற்பது ஆண்டுகள் இருந்தன. அத்தோடு கழகங்களும் இருந்தன. பொனவில் ஓட்டங்களும் பெரிதும் தங்கள் செலவில் வந்து கூடும் ஆர்வலர்களாலேயே நிலைபெற்றவை. அவர் ஊர்க் கழகம் 2006 முதல் அவர் பெயரில் ஆண்டுதோறும் போட்டிகளை நடத்தி வந்துள்ளது. அதே கடற்கரையிலும் ஓட்டம் நிகழ்கிறது. தனிமனிதச் சாதனையாகத் தோன்றுவதற்குப் பின்னால் ஒரு சமூகம் நின்றது. புறப்படும் வேளையில் முரட்டு இளைஞர் கூட்டமொன்று வழிமறித்து அவரிடம் பணம் கொடுக்கும் காட்சியில் மட்டும், படம் தன்னையறியாமலே இவ்வுண்மையைத் தொட்டுச் செல்கிறது.

இக்குறைகள் இருப்பினும், இப்படம் எமது மாணவர்களாற் பார்க்கப்பட வேண்டியது என்பதே எமது மதிப்பீடு. உழைப்பாற் கறுத்த கையை அது இழிவாக நோக்கவில்லை; இரக்கத்துக்குரியதாகவும் காட்டவில்லை. கைவேலையை அறிவாக மதிக்கும் அப்பார்வை, எழுத்தறிவையே அறிவெனக் கொள்ளும் எமது கல்விச் சூழலுக்கு மிகத் தேவையானது. பல்கலைக்கழகம் புகுந்தவனுக்குக் கிடைக்கும் மரியாதை, பெற்றோல் இல்லாத ஊரில் வாகனத்தை ஓடவைத்தவனுக்கு எமது எழுத்திற் கிடைக்கவில்லை. போர்க்கால யாழ்ப்பாணம் பற்றிக் கவிதைகளும் கதைகளும் நினைவுக்குறிப்புகளும் நிறைய வந்துள்ளன. மண்ணெண்ணெய்ப் புகையும் அவற்றில் ஆங்காங்கு வீசுகிறது. அப்புகைக்குப் பின்னால் நின்ற கராஜ்காரர் எதை அறிந்திருந்தார், எவ்வாறு அறிந்தார் என்பதைக் கேட்டு எழுதியவர் சிலரே. அத்தலைமுறையினர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்களது அறிவு பாடநூல்களில் இல்லை. கைகளிற் தான் உண்டு. அதனைப் பதிவுசெய்யும் பணி பொறியியற் பீடத்துக்கு மட்டும் உரியதன்று. கலைப்பீட மாணவர்களாகிய எமக்கும் உரியது. மன்றோவுக்கு அவர் வாழுங்காலத்திலேயே கமராவோடு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். எமது கராஜ்களுக்குக் குறிப்பேட்டோடாவது எவரேனும் செல்ல வேண்டும். காலம் தாழ்த்தினால் பழைய வாகனங்கள் எஞ்சும். அவற்றை ஓடவைத்த அறிவு எஞ்சாது.