அம்பாசிடருக்கு ஒரு முள்

டைனமோ காலத்து அம்பாசிடரில் சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்ல இருப்பது ஒரே ஒரு சிவப்பு லைட். சாவியைத் திருப்பினால் எரியும், டைனமோ வேகம் பிடித்தால் அணையும். பேட்டரி பாதி இறங்கிவிட்டதா, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் கெட்டு அளவுக்கு மீறி ஏற்றி ஆசிட்டைக் கொதிக்க வைக்கிறதா, எதுவும் அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்த வண்டிக்கு ஒரு மீட்டர் கேட்கத் தோன்றுகிறது.

எந்த மீட்டர் என்பதில்தான் ரசனை இருக்கிறது. குரும்பகரம் மாதிரி நெல் விளையும் ஊரில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு ஆம்பியர் மீட்டர் பழகிய பொருள். செல்ஃப் அடித்ததும் முள் பிளஸ் பக்கம் சாய்ந்தால் போதும், மனம் நிறைந்துவிடும். காருக்கும் அதையே மாட்டு என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். செல்ஃப் இழுக்கும் கரண்ட் போக மற்றதெல்லாம் அந்த மீட்டர் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதற்காக ஃபியூஸ் இல்லாத தடித்த பிரவுன் ஒயரை டேஷ்போர்டு வரை இழுத்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். பின்னால் ஒரு நட் தளர்ந்தால் சூடு, அப்புறம் புகை.

வோல்ட் மீட்டர் அடக்கமானது. இரண்டு மெல்லிய ஒயர் போதும். இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் கம்பெனி செய்த பழைய பேட்டரி மீட்டர் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே இரட்டை உலோகத் தகடு, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. கம்பி சூடாகித் தகடு வளைந்தால்தான் முள் நகரும். அதனால் மதியத் தூக்கம் கலைந்தவர் எழுந்திருப்பது போல நிதானமாக ஏறும். கட்-அவுட்டின் பிளாட்டினம் படபடவென்று அடித்தாலும் முள் நடுங்காது. பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய மோரிஸானாலும் சரி, நெகட்டிவ் எர்த்தானாலும் சரி, சூட்டுக்குத் திசை கிடையாது. நீல எண்கள் மினுக்கும் டிஜிட்டல் மீட்டரை அந்த டேஷ்போர்டில் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

கைவேலை தெரிவது ஒயர் எடுக்கும் இடத்தில். லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிற வழக்கப்படி, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வெள்ளை ஒயர் ஃபியூஸைத் தாண்டியதும் பச்சையாகிவிடும். நல்ல எலக்ட்ரீஷியன் அந்தப் பச்சையில், ஃபியூஸ் பாக்ஸிலேயே கை வைப்பார். ஹெட்லைட் சுவிட்சில் எடுத்தால் லைட் போட்டதும் பழைய ஒயரில் விழும் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டி, நல்ல பேட்டரியைச் சந்தேகிக்க வைக்கும். எர்த் இன்னும் முக்கியம். காரைக்கால் பக்கத்து உப்புக் காற்றில் செம்பு சீக்கிரம் களிம்பேறும். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் லக்கை முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். மீட்டருக்குள் இருக்கும் பல்புக்கு, சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட பேனல் லைட் ஒயர். அப்போதுதான் மற்ற மீட்டர்களோடு சேர்ந்து ஒரே வெளிச்சத்தில் எரியும்.

வேலை முடிந்ததும் நெடுங்காடு வரை இரவில் ஒரு சுற்று போய்வர வேண்டும். எஞ்சினை நிறுத்திய நிலையில், நன்றாக ஏறிய பேட்டரி 12.6 காட்டும். ஊருக்குள் லைட்டோடு மெல்ல உருட்டினால் முள் 12 பக்கம் தொங்கும். அது பழுதல்ல, டைனமோவின் சுபாவம். மெயின் ரோட்டில் வேகம் எடுத்தால் சாவகாசமாக 13.5-ஐத் தாண்டும். 15-ஐத் தொட்டால்தான் கட்-அவுட்டைத் திறக்க வேண்டும்.

டேஷ்போர்டு தகட்டில் டிரில் போடுபவரிடம் வண்டியைக் கொடுக்கக் கூடாது. அடிவிளிம்பில் இருக்கும் ஸ்குரூவிலேயே ஒரு பட்டை பிராக்கெட் போட்டு 52 மில்லிமீட்டர் மீட்டரைத் தொங்கவிடலாம். நாளைக்கு வேறொருவர் கழற்றினாலும் வண்டியில் ஒரு துளைகூட மிஞ்சாது.