தொழுவத்தை வரைந்தவர்கள்

கிறிஸ்து பிறப்பைப் பற்றி லூக்கா அதிகம் சொல்லவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினார்கள், இடையர்கள் வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மத்தேயுவில் ஞானிகள் வருகிறார்கள். எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. மாடும் கழுதையும் இருவரிடமுமே இல்லை. ஆனால் கலைஞர்களிடம் முந்திக்கொண்டு வந்து நின்றவை அவைதான். மிலான் நகரத்துப் புனித அம்புரோஸ் ஆலயத்தில் 4-ஆம் நூற்றாண்டுக் கல் சவப்பேழை ஒன்று உண்டு. அதன் மூடியில் துணி சுற்றிய குழந்தை. பக்கத்தில் மாடு, கழுதை. தாயும் இல்லை, யோசேப்பும் இல்லை. மாடும் கழுதையும் வரும் ஏசாயாவின் ஒரு வசனத்தை வைத்தே சிற்பி வேலையை முடித்துவிட்டார்.

ஒரு படம் எந்த மரபைச் சேர்ந்தது என்று தெரிய, மரியாள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். பைசாந்தியப் படங்களில் குகைக்குள் படுத்திருப்பாள், பிரசவித்த பெண்ணாக. கீழே மருத்துவச்சிகள் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். ஆகவே ஒரே படத்தில் குழந்தை இரண்டு முறை வரும். யோசேப்பு ஓரமாகக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்; மரியாள் கருவுற்றதைப் பற்றிய சந்தேகம் இன்னும் தீரவில்லை. 1305 வாக்கில் பதுவாவில் ஜோத்தோ வரைந்த மரியாளும் படுத்தேதான் பிள்ளையின் பக்கம் திரும்புகிறாள்.

சுவீடனின் புனித பிரிஜித்தா 1372-இல் பெத்லகேமுக்குப் போனார். அங்கே கண்ட காட்சியில் மரியாள் முழந்தாளிட்டிருந்தாள். குழந்தை வெறுந்தரையில் ஒளிவீசிக் கிடந்தது. அடுத்த நூறாண்டில் மேற்கத்திய ஓவியர்கள் பெரும்பாலோர் இதையே பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கோவில் குடில்களில் கைகூப்பி முழந்தாளிடும் மாதா சுரூபமும் இந்த வழியில் வந்ததுதான். பிரசவ வலியும் அசதியும் படத்திலிருந்து போய்விட்டன. எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

அந்த மரபில் உச்சம் ஹ்யூகோ வான் டெர் கூஸ் 1475 வாக்கில் வரைந்த போர்த்தினாரி பீட ஓவியம். மெதிச்சி வங்கியின் புரூஜ் நகரப் பிரதிநிதி செய்வித்தது. வலப்பக்கம் மூன்று இடையர்கள் ஓடிவந்த மூச்சோடு நிற்கிறார்கள்: வெயிலில் கருத்த முகம், காய்த்துப்போன கை, ஒருவன் வாயைப் பிளந்து பார்க்கிறான், பல் வரிசையில் ஓட்டை. முன்தரையில் ஒரு கோதுமைக் கட்டு, மருந்துச் சாடியில் லில்லிப் பூக்கள். 1483-இல் இது ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. இரண்டே வருடத்தில் கிர்லாந்தாயோ அதே இடையர்களைத் தம் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார், முகத்தைக் கொஞ்சம் கழுவி.

ஓவியர் புரூகலின் 1566-ஆம் வருடப் படம் இந்த எந்த மரபுக்கும் அடங்காது. பனி மூடிய பிளெமிஷ் கிராமம். சத்திர வாசலில் வரிக்கான குடிமதிப்புக் கூட்டம், பக்கத்தில் பன்றி அறுக்கிறார்கள். தோளில் ரம்பத்தோடு யோசேப்பும், கழுதைமேல் மரியாளும் வருகிறார்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சத்திரச் சுவரில் ஹாப்ஸ்பர்க் அரசின் இரட்டைத்தலைக் கழுகு. வரி கேட்பது எந்தச் சீசர் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.