ஒரு தலை, இரு உடல்

சங்கரன்கோவிலில் சங்கரலிங்கருக்கும் கோமதியம்மனுக்கும் நடுவே நிற்கிற சங்கரநாராயணரைக் கண்கட்டு வித்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வலப்பாகம் சடையும் பிறையும் மழுவும். இடப்பாகம் மணிமுடியும் சங்கும் துளசிமாலையும். பாதி எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது, தெரியவும் வேண்டும். சிவனா திருமாலா, யார் பெரியவர் என்று வழக்காடிய நாக அரசர்கள் சங்கனுக்கும் பதுமனுக்கும் அந்த நடுக்கோடுதானே தீர்ப்பு! 6ஆம் நூற்றாண்டின் பாதாமிக் குகையிலும், பிறகு மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்திலும் இதே உருவம் உண்டு. இது பாகம் பிரிக்கும் மரபு.

பாகம் பிரிக்காமல் பங்கு போடும் மரபு ஒன்றும் இருக்கிறது. அஜந்தா முதல் குகையின் தூணொன்றில் நான்கு மான்களுக்கு ஒரே தலை. எந்த உடலைப் பார்த்தாலும் தலை அதற்கே உரியதாகப் படும். நம் பக்கத்தில் இதன் உச்சம், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் ரிஷபகுஞ்சரம். வழிகாட்டி உள்ளங்கையால் ஓர் உடலை மறைப்பார், காளை. மற்றதை மறைப்பார், யானை. அவர் கையை எடுத்த பிறகுதான் உண்மையான வேடிக்கை. கண் எதில் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும்.

நாயக்கர் காலம் விரும்பியது நவநாரிகுஞ்சரத்தை. ஒன்பது பெண்கள் பின்னிப் பிணைந்து ஒரு யானை; ஐவர் சேர்ந்தால் குதிரை, அது பஞ்சநாரிதுரகம். கூட்டம் பெரிது, திறமையும் பெரிதுதான். ஆனால் என் கணக்கில் இது ஒரு படி கீழே. இங்கே உடல்களை அடுக்கி யானையின் வெளிக்கோட்டை நிரப்புகிறார்கள். ரிஷபகுஞ்சரத்திலோ ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது. எத்தனை உருவம் என்பதல்ல, எத்தனை கோடு பொதுவில் இருக்கிறது என்பதே இந்தக் கலைக்கு உரைகல்.

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவிலும் இந்த இரண்டு வகையும் உண்டு, அதுவும் ஒரே கையில். வியன்னாவிலும் பிராகாவிலும் அரசவை ஓவியராக இருந்த மிலான்காரர் ஆர்ச்சிம்போல்டோ, இரண்டாம் ருடால்ஃப் பேரரசரின் முகத்தையே பழங்களாலும் காய்களாலும் பூக்களாலும் அடுக்கினார். அது நவநாரி வகை. இத்தாலியின் கிரெமோனாவில் உள்ள அவருடைய இன்னொரு படம் ஒரு கிண்ணம் நிறையக் காய்கறி. தலைகீழாகப் பிடித்தால் கிண்ணம் தொப்பியாகிறது, வெங்காயம் கன்னமாகிறது, கிழங்கு மூக்காகிறது. தோட்டக்காரர் ஒருவர் நம்மைப் பார்க்கிறார். ரிஷபகுஞ்சரத்துக்கு நெருங்கிய உறவு இதுதான்.

ஆனாலும் ஓவியருக்குப் படத்தைக் கவிழ்க்கும் வசதி இருந்தது. தாராசுரத்துச் சிற்பியால் சுவரைக் கவிழ்க்க முடியாது. நின்ற இடத்திலேயே, ஒரே பார்வைக்குள், காளையையும் யானையையும் முடித்திருக்கிறார்.